அடிடாஸின் மூன்று கோடுகள்: புகழ் கம்பெனியுடையதா, தெருவுடையதா?

குறுக்குக்கேள்வி:

அடிடாஸைப் பற்றிப் பேச்சு வந்தால் "தெருக் கலாசாரத்தையே உருவாக்கிய நிறுவனம்" என்று ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. எனக்கு இது தலைகீழாகச் சொல்லப்படும் கதையாகத்தான் படுகிறது.

சூப்பர்ஸ்டார் மாடலை எடுத்துக்கொள்வோம். 1970 வாக்கில் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்காக வந்த ஷூ அது. மற்றவர்கள் கான்வாஸ் ஷூவில் ஆடிக்கொண்டிருந்தபோது இது தோலில் வந்தது. கால்விரல்களுக்கு மேல் சிப்பி ஓடு போல ரப்பர் கவசம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆடுகளத்தில் அதன் மவுசு குறைந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிப் பையன்கள் அதன் லேஸை உருவிவிட்டு, ஷூவின் நாக்குப் பட்டையை வெளியே தள்ளி, தெருவில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். இப்படிப் போடுங்கள் என்று எந்த விளம்பரமும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதே பகுதி மருத்துவர் ஒருவர், இதெல்லாம் குற்றவாளிகளின் ஷூ என்று கண்டித்து எழுதினார். அதற்குப் பதில் சொல்லி, ரன் டி.எம்.சி. என்ற ராப் குழு 1986-இல் போட்ட பாட்டுதான் 'மை அடிடாஸ்'. அந்த ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்க மேடையிலிருந்து "ஷூவைக் கழற்றித் தூக்கிக் காட்டுங்கள்" என்றார்கள். அரங்கம் முழுக்க மூன்று கோடுகள் உயர்ந்தன. அதைக் கூட்டத்தில் இருந்த அடிடாஸ் அதிகாரி பார்த்தார். அதன் பிறகுதான் பத்து லட்சம் டாலர் என்று பரவலாகச் சொல்லப்படும் ஒப்பந்தம்.

முதலில் தெரு, பிறகு பாட்டு, கடைசியில் காசோலை. இதில் கம்பெனி எதை உருவாக்கியது?

மைதானத்துப்புழுதி:

கதையை 1986-இல் ஆரம்பித்தால் அப்படித்தான் தெரியும் நண்பரே. அந்தப் பையன்கள் கடையில் இருந்த நூறு ஷூக்களை விட்டுவிட்டு ஏன் இதை எடுத்தார்கள் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். எழுபதுகளில் பெரிய ஆட்டக்காரர்களின் காலில் அது இருந்தது. கூடைப்பந்து நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பார் அடிடாஸோடு ஒப்பந்தம் போட்டவர். தெரு அதை அங்கிருந்துதான் எடுத்தது.

அதற்கும் முன்னால் போனால் ஜெர்மனியின் பவேரியாவில் ஹெர்ட்சோகனவ்ராக் என்ற சிற்றூர். அங்கே அம்மாவின் சலவைக்கூடத்தில் ஆடி டாஸ்லர் ஷூ தைக்கத் தொடங்கினார். 1924-இல் அண்ணன் ருடால்ஃபும் சேர்ந்து கம்பெனியைப் பதிவு செய்தார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வாங்கிய லினா ராட்கே ஓடியது அவர்களுடைய ஷூவில்.

எல்லாவற்றையும் விட, 1954, சுவிட்சர்லாந்தின் பெர்ன். கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கொட்டும் மழை. எதிரில் நான்கு ஆண்டுகளாகத் தோற்காத ஹங்கேரி. அதே போட்டியில் முன்பு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கிய அணி. எட்டே நிமிடத்தில் ஹங்கேரி 2-0. ஜெர்மன் அணியின் ஷூ வேலைக்கு ஆடி டாஸ்லரே கூடப் போயிருந்தார். அவருடைய ஷூவின் அடிப்பாகத்தில் ஸ்டட் என்னும் குமிழ்களைத் திருகிக் கழற்றி, சேற்றுக்கு ஏற்ற நீளத்தில் வேறு மாட்ட முடியும். கால் வழுக்கவில்லை. 3-2 என்று ஜெர்மனி வென்றது. போரில் தோற்று ஒன்பது ஆண்டு தலைகுனிந்து கிடந்த நாடு அன்று தலைநிமிர்ந்தது. இதைவிடப் பெரிய கலாசாரத் தாக்கம் ஒரு ஷூவுக்கு வேண்டுமா?

ஆற்றங்கரையான்:

திருகு ஸ்டட்டை முதலில் செய்தது நாங்கள்தான் என்று போட்டிக் கம்பெனியான பூமாவும் சொல்கிறது. அதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இரண்டு பேருமே ஒன்றை நாசூக்காகத் தாண்டிப் போகிறீர்கள். டாஸ்லர் சகோதரர்கள் இருவரும் 1933-இல் நாஜி கட்சியில் சேர்ந்தவர்கள். மூன்று ஆண்டு கழித்து, ஹிட்லரின் இனப் பெருமைக்கு பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கத்தால் பதில் சொன்ன கறுப்பின அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் காலில் இருந்தது அவர்கள் செய்த முள் ஷூ. போர் முற்றியபோது அதே தொழிற்சாலையில் டாங்கி எதிர்ப்பு ஆயுதம் தயாரானது. "விளையாட்டின் மீது கொண்ட காதல்" என்ற சர்க்கரைப் பூச்சை இங்கேயாவது தவிர்க்கலாம்.

பிறகு அண்ணன் தம்பிச் சண்டை. 1948-இல் பிரிந்தார்கள். அண்ணன் பூமா, தம்பி அடிடாஸ். நடுவில் ஔராக் ஆறு. எதிரில் வருபவரின் முகத்துக்கு முன் காலைப் பார்க்கிற ஊர் என்று பெயர் வாங்கியது அந்த ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதை ஒன்று: ருடால்ஃப் வீட்டுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளி வேண்டுமென்றே அடிடாஸ் போட்டுக்கொண்டு போவாராம். கிழவருக்குப் பொறுக்காது. கீழே போய் ஒரு ஜோடி பூமா எடுத்துக்கொள் என்பார். இலவச ஷூ கிடைத்துவிடும்!

மைதானத்துப்புழுதி:

ஐயா, கட்சி விவகாரத்தை நான் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அது நிறுவனர்களின் நடத்தை பற்றிய கேள்வி. இங்கே கேள்வி, புகழை யார் சம்பாதித்தது என்பது.

குறுக்குக்கேள்விக்கு ஒன்று. 'தானாக' நடந்தது என்று நீங்கள் நினைப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கை இருக்கும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆடியின் மகன் ஹோர்ஸ்ட் வீரர்களுக்கு ஷூவை இலவசமாகக் கொடுத்தார். அடுத்த நாள் பத்திரிகைப் படங்களில் மூன்று கோடுகள். 1970 உலகக் கோப்பையில் பெலே ஆட்டம் தொடங்கும் நேரத்தில் குனிந்து லேஸ் கட்டினார், கேமரா பூமாவைக் காட்டியது. அதுவும் ஏற்பாடுதான். மூன்று கோடுகளே ஃபின்லாந்தின் கார்ஹு நிறுவனத்திடம் வாங்கியவை. கொஞ்சம் பணமும் இரண்டு பாட்டில் விஸ்கியும் விலை என்று கார்ஹுவே சொல்லிக்கொள்கிறது. மக்கள் கண்ணில் எது படவேண்டும் என்று கம்பெனி முப்பது ஆண்டு உழைத்த பிறகுதான் குயின்ஸ் பையன் கடைக்குள் நுழைகிறான்.

குறுக்குக்கேள்வி:

கண்ணில் பட வைப்பது வியாபாரம். அதற்கு ஒரு அர்த்தம் கொடுப்பது வேறு வேலை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் பதக்க மேடையில் அமெரிக்க ஓட்டக்காரர் டாமி ஸ்மித் கருப்புக் கையுறையோடு முஷ்டியை உயர்த்தியபோது, கறுப்பின மக்களின் வறுமையைக் காட்ட ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றார். அந்த பூமா ஷூ மேடையில் கிடந்தது. எந்த விளம்பரப் பிரிவு அதைத் திட்டமிட்டது?

கம்பெனிக்கு அவ்வளவு தீர்க்கதரிசனம் இருந்தால் 1984-ஐயும் விளக்குங்கள். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுக்குப் பிடித்தது அடிடாஸ், அவரே சொல்லியிருக்கிறார். வாசலில் வந்து நின்றவரை விட்டார்கள், நைக்கி அள்ளிக்கொண்டு போனது.

பழையஜோடி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அமெரிக்காவையே சுற்றுகிறீர்கள். எழுபதுகளின் கடைசியில் லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் தங்கள் அணியின் பின்னால் ஐரோப்பா முழுக்க அலைந்தார்கள். இங்கிலாந்துக் கடைகளில் கிடைக்காத அடிடாஸ் மாடல்களை வாங்கி வந்து ஊரில் போட்டுத் திரிந்தார்கள். ஆட்டக்காரனைப் பார்த்து வாங்கியதல்ல அது. பக்கத்துத் தெருக்காரனிடம் இல்லாதது தன்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்துதான் 'கேஷுவல்ஸ்' என்ற ரசிகர் கூட்டம் கிளம்பியது. கம்பெனியின் உழைப்பு என்று இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மைதானத்துப்புழுதி:

அரிய மாடல் என்றாலும் அதைச் செய்து ஐரோப்பியக் கடையில் வைத்தவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா? கிடைக்காததற்குத்தான் ஏக்கம் வரும் என்றால், தரமில்லாத எத்தனையோ ஷூவும் கிடைக்காமல்தான் இருந்தது. அவற்றை ஒருவரும் சுமந்து வரவில்லை.

குறுக்குக்கேள்வி:

சரி, கடைசியாக ஒரு கணக்கு. ரன் டி.எம்.சி.யிடம் வாய்த்ததை மறுபடியும் விலைக்கு வாங்கலாம் என்று நினைத்து ராப் பாடகர் கான்யே வெஸ்டோடு யீஸி என்ற ஷூ வரிசையைப் போட்டார்கள். காசு கொட்டியது. அவர் யூதர்களைப் பழித்துப் பேசியதும் 2022 அக்டோபரில் உறவை முறித்தார்கள். கிடங்கில் தேங்கிய ஷூவை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்து, பிறகு தவணை தவணையாக விற்று, ஒரு பகுதிப் பணத்தை நன்கொடையாகக் கொடுத்தார்கள். புகழ் கம்பெனியுடையது என்றால், ஒரு மனிதர் வாயைத் திறந்ததும் அதே தோலும் அதே ரப்பரும் ஏன் தலைவலியாக மாறின? பெர்ன் மழையை மறுபடி இழுக்காமல் பதில் சொல்லுங்கள்.