இருள்வினை ராத்திரியில் நடக்குமா, நடக்காதா?

தையல்கடை அப்பா:
மகள் பதினொன்றாம் வகுப்பு. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் "இருள்வினை எப்போது நடக்கும்?" என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு "இரவில்" என்று எழுதிவிட்டாள். தப்பு போட்டுவிட்டார்கள் என்று இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். பெயரே இருள்வினை, ஒளி நேரடியாகத் தேவையில்லை என்று பாடத்திலும் இருக்கிறது, அப்புறம் ராத்திரியில் நடந்தால் என்ன என்கிறாள். நான் பத்தாவதோடு கத்தரிக்கோல் பிடித்தவன். இலைக்குள் அது நடக்கும் இடமான பசுங்கணிகத்தின் படம் எனக்குப் பொத்தான் டப்பா மாதிரிதான் தெரிகிறது. யாராவது புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பழைய தாவரவியல் டீச்சர்:
பொத்தான் டப்பா நல்ல உவமை தம்பி, அதையே வைத்துக்கொள்வோம். டப்பாவுக்கு இரட்டைச் சுவர். உள்ளே அடுக்கி வைத்த பொத்தான்கள் தைலக்காய்டுகள், ஓர் அடுக்குக்குப் பெயர் கிரானம். சுற்றியிருக்கும் கூழ் ஸ்ட்ரோமா. ஒரே ஒரு திருத்தம்: இவை கெட்டிப் பொத்தான்கள் இல்லை, உள்ளே இடம் உள்ள தட்டைப் பைகள்.

பச்சையம் பையின் சவ்வில் இருக்கிறது. வெயில் பட்டதும் அங்கே தண்ணீர் பிளக்கிறது. ஆக்சிஜன் வெளியேறிவிடும். (நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் இந்தத் தண்ணீரிலிருந்து வந்தது, கார்பன் டை ஆக்சைடிலிருந்து அல்ல. 1941இல் ரூபன், காமன் குழு கனமான ஆக்சிஜனை வைத்து இதைக் காட்டியது.) ஹைட்ரஜன் அயனிகள் பைக்குள் நெரிசலாகச் சேர்ந்து ஒரு நொதியின் வழியாக ஸ்ட்ரோமாவுக்குப் பாயும். அந்த வேகத்தில் நொதி சுழன்று ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்கிறது. தண்ணீரிலிருந்து வந்த எலக்ட்ரான்கள் கடைசியில் என்ஏடிபிஹெச் என்ற எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறில் போய்ச் சேரும்.

இந்த இரண்டையும் செலவழித்து ஸ்ட்ரோமாவில் சர்க்கரை தைப்பதுதான் இருள்வினை. மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை ஒரு மூன்று கார்பன் சர்க்கரையாக்க 9 ஏடிபி, 6 என்ஏடிபிஹெச் வேண்டும். வெயில் நின்றால் கையிருப்பு நொடிக்கணக்கில் தீர்ந்துவிடும். உங்கள் மோட்டார் மிஷினில் ஊசிக்குக் கரண்ட் தேவையில்லைதான், ஆனால் கரண்ட் போனால் ஊசி இறங்குமா?

போதாக்குறைக்கு, வெயில் இருக்கும்போதுதான் ஸ்ட்ரோமாவின் பிஹெச் (அமில-கார அளவு) 8 பக்கம் ஏறும், மக்னீசியமும் கூடும். கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து இணைக்கும் ரூபிஸ்கோ நொதிக்கு அந்தச் சூழல்தான் தோது. வேறு சில நொதிகள் ஒளி வந்தால்தான் விழிக்கவே செய்யும். இருட்டினால் பட்டறையே பூட்டு. இருள்வினை என்று பெயர் வைத்தவர்மேல் எனக்குத் தீராத கோபம். கால்வின் சுழற்சி என்றே சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.

மொட்டைமாடித் தோட்டம்:
கள்ளி, அன்னாசி எல்லாம் ராத்திரியில் கார்பன் டை ஆக்சைடு எடுக்கும் என்று படித்திருக்கிறேனே டீச்சர். அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு அரை மதிப்பெண்ணாவது கொடுக்கலாமே?

பழைய தாவரவியல் டீச்சர்:
கொடுக்க முடியாது! ரணகள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் சேர்த்து வைக்கும். பகலில் துளையை மூடிக்கொண்டு அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும். கால்வின் சுழற்சி அப்போதுதான் ஓடும். துணி வாங்குவது ராத்திரி, தைப்பது பகலில்.

இதை நாக்காலேயே கண்டவர் ஒருவர் உண்டு. பெஞ்சமின் ஹெய்ன், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து பிறகு கிழக்கிந்தியக் கும்பினியின் தாவரவியலாளர் ஆனவர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை என்று அவர் எழுதியது 1815இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அச்சானது. நீங்கள் மெல்ல வேண்டாம். விடியுமுன் ஓர் இலை, மாலையில் ஓர் இலை கசக்கிச் சாற்றை பிஹெச் தாளில் வைக்கச் சொல்லுங்கள். லிட்மஸ் உதவாது. இரண்டு வேளையும் அமிலம்தான், அளவுதான் மாறும்.

தையல்கடை அப்பா:
ரொம்ப நன்றி டீச்சர். பக்கத்து வீட்டுத் தொட்டியில் ரணகள்ளி இருக்கிறது, மகள் ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிட்டாள். ஆனால் தைப்பது பகலில் என்கிறீர்களே, தீபாவளி சமயத்தில் ஒருநாள் என் கடைக்கு வந்து பாருங்கள்.