உப்பு அம்பாரம் சாம்பல் நிறமாக விழுகிறது, என்ன செய்யலாம்?

முள்ளக்காட்டான்:
வணக்கம். ஊர் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காடு. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உப்பளம். அம்மா 22 வருஷம் அளத்தில் உப்பு வாரியவர். முழங்கால் வலியால் இப்போது வீட்டோடு இருக்கிறார். அவர் வேலை பார்த்த இடத்தையும், கூட வேலை பார்த்த அக்காமாரையும் படமெடுத்து ஓர் ஆல்பம் போட்டுத் தரவேண்டும் என்று ஆசை. அதற்காகவே பழைய கேனான் 1500டி ஒன்று வாங்கினேன், 18-55 லென்ஸோடு.

நாலு நாள் போய் எடுத்தேன். ஒரு படமும் சரியில்லை. வெள்ளைவெளேர் என்று கண்ணைக் கூசும் அம்பாரம் படத்தில் சாம்பலாக, லேசான நீலத்தோடு விழுகிறது. அம்மா பார்த்துவிட்டு, "என்னப்பா, சிமெண்டைக் குவிச்ச மாதிரி இருக்கு" என்றார். உப்பு வாருகிறவர்களின் முகம் சுத்தமாகக் கறுத்துவிடுகிறது. வானத்தில் அங்கங்கே மங்கலான கறும்புள்ளிகள் வேறு. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை.

காலை எட்டரை மணி, ஏவி மோட் (துவாரத்தை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே எடுத்துக்கொள்ளும்), ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு 100. நிலக்காட்சிக்கு லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கி எஃப் 22 வைக்கவேண்டும் என்று படித்ததால் அதையே வைத்தேன். கேமரா ஷட்டருக்கு 1/125 நொடி எடுத்துக்கொண்டது. லென்ஸில் கோளாறா, எனக்குத்தான் தெரியவில்லையா?

வரப்போரம்:
தம்பி, லென்ஸில் கோளாறு இல்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளவி, எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வயலோ தெருவோ என்றால் அந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். படம் முழுக்க உப்பு என்றால், "அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா" என்று குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாவது அதனால்தான். கறுத்த எருமையைக் கிட்டத்தில் எடுத்தால் இதற்கு நேர்மாறாக அது வெளிறிப்போகும்.

நீங்கள் கொடுத்த எண்ணிலேயே இது தெரிகிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் சுமார் 1/100 என்பது பழைய கணக்கு. எஃப் 22க்கு அது 1/50. உங்கள் கேமரா 1/125 எடுத்திருக்கிறது, அதாவது ஒரு ஸ்டாப்புக்கும் மேலேயே இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும், கூடினால் இரட்டிப்பாகும்).

ஏவி பட்டனை அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் திருப்பினால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் நகரும், அதாவது கேமரா போட்ட கணக்கைவிட எத்தனை ஸ்டாப் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று நாமே சொல்வது. +1இல் தொடங்குங்கள். படம் எடுத்ததும் ஹிஸ்டோகிராம் பாருங்கள், இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. மேடு வலது ஓரத்தை நெருங்க வேண்டும், சுவரில் மோதி அப்பிக்கொள்ளக் கூடாது. வெளிச்சம் மீறிய இடம் திரையில் சிமிட்டும். பெரிய பரப்பாகச் சிமிட்டினால் கொஞ்சம் குறையுங்கள், அங்கங்கே ஒரு பரல் மினுங்கினால் விட்டுவிடுங்கள். உப்பளத்து வெயிலில் திரையே தெரியாது, தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு பாருங்கள்.

நீலத்துக்கு வொயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிசெய்தல்) ஆட்டோவிலிருந்து வெயில் குறிக்கு மாற்றுங்கள். அம்பாரத்தின் நிழல் பக்கத்தில் கொஞ்சம் நீலம் இருந்தால் அது வானத்தின் நிறம். அதை நீக்க வேண்டாம்.

பழைய ஸ்டுடியோ:
மேலே சொன்னது அத்தனையும் சரி. இன்னொரு வழியும் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் திரை ஏது? உள்ளங்கைதான் எங்களுக்கு அளவுகோல். யார் உள்ளங்கையானாலும் நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமாக இருக்கும். அம்பாரத்தின் மேல் விழுகிற அதே வெயில் உங்கள் கையிலும் விழும்படி உள்ளங்கையை விரித்துப் பிடித்து, அது மட்டும் சட்டத்தை நிறைக்க அளவெடுங்கள். அதிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டி, மேனுவலில் அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் உப்பு வந்தாலும் தண்ணீர் வந்தாலும் சேலை வந்தாலும் வெயில் மாறாதவரை அளவும் மாறாது.

முகம் கறுப்பதற்கு வேறு காரணம். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது, நீங்கள் நிற்பது ஈர மண் வரப்பு. அந்த மண்ணிலிருந்து வெளிச்சம் எதுவும் திரும்பி முகத்துக்குப் போகாது. ஆனால் அளத்தில் உங்களுக்கு மலை மாதிரி ஒரு ரிஃப்ளெக்டர் நிற்கிறதே! காலையில் அம்பாரத்தின் கிழக்குப் பக்கம் முழு வெயிலில் இருக்கும். அதைப் பார்த்தபடி ஒருவர் உப்பைக் கொட்ட வரும்போது முதுகில் வெயில், முகத்தில் உப்பின் வெளிச்சம். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். தலைத்துண்டுக்குக் கீழே கண் வரைக்கும் தெளிவாகத் தெரியும்.

பொன்வெயில்:
சூரிய உதயத்தில் எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே? இல்லாவிட்டால் கேமரா மெருகேற்றாத ரா (RAW) கோப்பாக எடுத்துக் கணினியில் வெளிச்சத்தைத் தூக்கிவிடலாம்.

பழைய ஸ்டுடியோ:
ரா கோப்பாக எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் கறுத்துப்போன முகத்தைப் பின்னால் தூக்கினால் புள்ளிபுள்ளியாக இரைச்சல் வரும். உதயத்தை நம்பியும் இருக்க முடியாது. தூத்துக்குடி நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரிகூட வடக்கே இல்லை. சூரியன் செங்குத்தாக ஏறிவிடும், பொன்னொளி அரைமணி நேரம் நின்றால் பெரிது. சித்திரை பிறக்கிற நாட்களில் உச்சி வெயிலுக்கு நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அப்போதும் உப்பு கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் தரும். அந்த வெயிலும் அந்த ஊரின் வாழ்க்கைதானே, அதையும் எடுக்கட்டும்.

வேதாரண்யத்து அக்கா:
தம்பி, எங்கள் அகஸ்தியம்பள்ளி அளங்களில் நானும் படம் எடுக்கிறேன். வானத்துப் புள்ளிகளுக்குப் பதில் சொல்கிறேன். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருந்தால் அது கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் ஒட்டிய தூசி, லென்ஸைத் துடைத்தால் போகாது. எஃப் 22இல் துவாரம் சின்னது என்பதால் துல்லியமாகத் தெரிகிறது. எஃப் 8க்கு வாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். எஃப் 22இல் படமே மழுங்கும், சமதரைக்கு அது தேவையும் இல்லை.

அளத்தில் நின்று லென்ஸைக் கழற்றாதீர்கள். லென்ஸ் கண்ணாடியைச் சட்டைத் துணியால் உலரத் துடைக்கவே கூடாது. உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு லேசாக ஈரமான துணியால் ஒற்றுங்கள். ட்ரைபாட் காலை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஒரு நாள் விட்டாலும் துரு ஏறிவிடும்.

இன்னொன்று. அளத்துக்காரரிடமும் வாருகிறவர்களிடமும் கேட்டுவிட்டு எடுங்கள். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டிய வேலை அது. "இங்கே பாருங்கக்கா" என்று நிறுத்தினால் அவர்களுக்கு நேரம் போகும். முதல் நாள் எடுத்ததைப் பிரிண்டு போட்டு மறுநாள் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம் கேமராவை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

முள்ளக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

எஃப் 8, +1⅓ வைத்தேன். அதே எட்டரை மணிக்கு 1/400 வந்தது. பிறகு உள்ளங்கை வைத்து அளந்து பார்த்தேன், அதே எண்! அம்பாரத்துக்குப் பக்கவாட்டில் நின்று எடுத்ததில் ஓர் அக்காவின் கன்னத்து வியர்வைகூட விழுந்திருக்கிறது. எல்லாருக்கும் பிரிண்டு கொடுத்தேன். அதில் ஒருவர் சேலை முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் படத்தை வாங்கினார்.

புள்ளிகளில் இரண்டு மட்டும் இன்னும் இருக்கின்றன. மெனுவில் கையால் சுத்தம் செய்யும் வழியைப் போட்டு, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதிப் பார்த்தேன், அசையவில்லை.

வேதாரண்யத்து அக்கா:
அது காய்ந்துபோன உப்புத் துளியாக இருக்கும், ஊதினால் வராது. வாயால் ஊதிவிடாதீர்கள், எச்சில் பட்டால் இன்னும் மோசம். பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து ஈர முறையில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அம்மா படத்தைப் பார்த்தாரா?

முள்ளக்காட்டான்:
பார்த்தார் அக்கா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அம்பாரத்தின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டு, "இது முந்தாநாள் வாரினது. இன்னும் தண்ணி வடியல, மேல மட்டும்தான் வெளுத்திருக்கு" என்றார். மறுநாள் போய் விசாரித்தேன். அம்மா சொன்ன நாள்தான்.