செங்காந்தள் வாழ்த்து அட்டை: வெட்டிய பின் வண்ணமிடுவதா, வண்ணமிட்ட பின் வெட்டுவதா?

மூலனூர்க்காரி:

அனைவருக்கும் வணக்கம். வரும் பொங்கலுக்கு உறவினர்கள் 25 பேருக்குக் கையால் செய்த வாழ்த்து அட்டையைத் தபாலில் அனுப்ப எண்ணியிருக்கிறேன். மூலனூர்ப் பக்கம் எங்கள் பெற்றோர் கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், பயிரிட்டவர்கள். கிளுவை வேலியில் கொடியேறிப் பூக்கும் அதைப் பார்த்தே நாங்கள் ஐந்து பேரும் வளர்ந்தோம் என்பதால், அட்டையின் முகப்பில் அந்தப் பூதான் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கையால் சுழற்றும் சிறிய டை கட்டிங் மெஷின் ஒன்றும், ஆறு இதழ்களும் நடுவில் சேர்ந்திருக்கும் லில்லிப் பூ டை (தாளை அந்த வடிவில் வெட்டும் உலோக அச்சு) ஒன்றும் வாங்கினேன். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கோல்டு பிரஸ் வாட்டர்கலர் தாளில் முதலில் பூக்களை வெட்டியெடுத்து, பிறகு ஒவ்வொன்றாக வண்ணமிட்டேன். விளிம்பு பஞ்சுபோல் பிசிறடிக்கிறது. அந்தப் பிசிறில் வண்ணம் ஏறிக் கறுத்த கோடாக நிற்கிறது. காய்ந்ததும் இதழ்கள் பொரித்த அப்பளம் போல் வளைகின்றன. போதாக்குறைக்கு, வெள்ளைப் பசை தடவி ஒட்டினால் அடியிலிருக்கும் அட்டையும் நெளிந்துவிடுகிறது.

தாள் முழுவதும் வண்ணமிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால், அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருக்கும் இதழை எப்படிக் கொண்டுவருவது? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈரத்தூரிகை:

வணக்கம் சகோதரி. நீங்கள் சொன்னவற்றில் பாதிக்கு மேல் தாளின் குற்றம். கோல்டு பிரஸ் தாள் மேடும் பள்ளமுமாக இருப்பதால் டையின் மெல்லிய வெட்டுமுனை எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்துடன் இறங்குவதில்லை. அது பருத்தித் தாளாகவும் இருந்துவிட்டால், நீண்ட நார்கள் அறுபடாமல் இழுபட்டுப் பிசிறாக நிற்கும். படம் வரைவதற்குப் பருத்தித் தாளை மிஞ்ச ஒன்றுமில்லை என்று வாதாடுகிறவன் நான். ஆனாலும் டைக்கு மரக்கூழில் செய்த வழவழப்பான ஹாட் பிரஸ் தாளையே வாங்கச் சொல்வேன். 200 ஜி.எஸ்.எம். போதும்.

வாட்டர்கலர் தாளில் ஜெலட்டின் போன்ற பூச்சு ஒன்று இருப்பதால்தான் வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் சற்று நேரம் மேலே நிற்கிறது. வெட்டிய விளிம்பில் அந்தப் பூச்சு கிடையாது. திறந்து கிடக்கும் நார்கள் வண்ணத்தை மடமடவென்று குடித்துவிடுகின்றன. நீங்கள் காணும் கறுத்த கோடு அதுதான். ஆகவே வண்ணம் முதலில், வெட்டு பிறகு.

மஞ்சளும் சிவப்பும் வரவேண்டும் என்றால் வட்டமாக வண்ணமிடுங்கள். உங்கள் பூ டை 6 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், 7 செ.மீ. வட்டத்துக்குத் தாளில் தண்ணீர் தடவுங்கள்; தண்ணீர் தேங்கக் கூடாது, தாள் பளபளக்க வேண்டும், அவ்வளவே. நடுவில் மஞ்சளையும் வெளிவட்டத்தில் சிவப்பையும் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிடுங்கள். இரண்டும் தாமாகவே ஒன்றையொன்று தொட்டுச் செம்மஞ்சளாகும். நாம் நடுவில் புகுந்து தேய்த்தால்தான் கெடும். டை வெறும் விளிம்புச் சட்டம்தானே? மேலிருந்து பார்த்து, மஞ்சள் நடுவில் அமரும்படி வைத்து வெட்டலாம்.

டியூபின் மேல் நிறமி எண் இருக்கும். மஞ்சளுக்கு பி.ஒய். 154, சிவப்புக்கு பி.ஆர். 254 இருந்தால் செம்மஞ்சள் தெளிவாக வரும். பி.ஆர். 83 என்ற பழைய அலிசரின் கிரிம்சன் வேண்டாம். அது நீலச் சாயலால் செம்மஞ்சளை மங்கவைப்பதோடு, வெளிச்சத்தில் வெளிறியும் போகும். அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிடும் அத்தை எல்லார் வீட்டிலும் ஒருவர் உண்டு.

வட்டம் காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் பார்க்காதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத் தாளை வெட்டினால் மறுபடியும் பிசிறுதான்.

பஞ்சிங்_பழையவர்:

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டை பஞ்சிங் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன். பிளைவுட் பலகையில் எஃகுப் பட்டையை வளைத்துப் பதித்து, இருபுறமும் ஸ்பாஞ்சு ஒட்டி அடிக்கும் பெரிய டைக்கும் உங்கள் சிறிய டைக்கும் அடிப்படை ஒன்றுதான்: அழுத்தம் எங்கே குறைகிறதோ அங்கே வெட்டு விழாது. முழு அழுத்தத்தையும் கூட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. வெட்டாத இடத்துக்கு நேராக, அடித்தட்டின் கீழே மெல்லிய தாள்துண்டு ஒன்றை ஒட்டிப் பாருங்கள். நாங்கள் அதை மேக்ரெடி என்போம். பிளாஸ்டிக் தட்டு ஒரே பக்கமாக வளைந்திருந்தால் திருப்பிப் போடுங்கள். டைக்கும் தாளுக்கும் இடையே பட்டர் பேப்பர் ஒன்றை வைத்தால், வெட்டிய பூ டைக்குள் சிக்காமல் கழன்று வரும்.

மடிப்பைப் பற்றி அம்மா கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அட்டையை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைந்தால் மடிப்புக் கோடு நார் ஓட்டத்தோடு போகிறது என்று பொருள். குறுக்கே மடித்தால் முதுகு வெடிப்பு விட்டு வெள்ளை தெரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோல் வைத்து ஒருமுறை அழுத்திக் கோடு போட்டுவிட்டு (இதுதான் கிரீசிங்) மடியுங்கள்.

அட்டை நெளிவதற்குப் பசையில் இருக்கும் தண்ணீரே காரணம். பூவின் நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு மட்டும் வையுங்கள், அல்லது 2 மி.மீ. ஃபோம் டேப் துண்டு போதும். இதழ் நுனிகளை ஒட்டவே வேண்டாம்.

கொடிவீட்டாள்:

ஈரத்தூரிகை ஐயா சொன்ன முறை பெரும்பாலான பூக்களுக்குச் சரி. செங்காந்தளுக்கு அது போதாது என்பது என் கருத்து. எங்கள் வீட்டு மாடியில் அந்தக் கொடி இருக்கிறது. பூ தலைகவிழ்ந்து தொங்கும். இதழ்கள் மட்டும் பின்னோக்கி வளைந்து, தீக்கொழுந்துகள் போல் மேல்நோக்கி எழும். ஓரங்கள் அலையலையாக இருக்கும். லில்லி டையில் வெட்டியதை அப்படியே விரித்து ஒட்டினால், எவ்வளவு அழகாக வண்ணமிட்டாலும் அது சிவப்பு லில்லியாகத்தான் தெரியும். மூலனூரில் வளர்ந்தவர்கள் கண்ணுக்கு அது தப்பாது.

வட்டத்தில் வண்ணமிட்டு வெட்டிய பிறகு, கத்தரிக்கோலால் பூவை ஆறு இதழ்களாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, நெருக்கமாகச் சிறுசிறு மடிப்புகளாக அழுத்திக்கொண்டே நுனி வரை போங்கள். பழைய மவுஸ் பேடின் மேல் வைத்து, ஸ்பூனின் முதுகால் நடுவில் ஒருமுறை இழுத்தால் இதழ் குழியும். பின் ஐந்தை மேல்நோக்கி விசிறிபோலவும், ஆறாவதை முன்பக்கமாகவும் ஒட்டுங்கள். கேசரங்கள் ஆறும் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். அவற்றை 1 மி.மீ. தாள் கீற்றுகளாகவே வெட்டிக்கொள்ளலாம். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக ஒடிந்தாற்போல் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அந்த ஒரு கீற்றை மறந்துவிடாதீர்கள். பூவை அடையாளம் காட்டுவதே அதுதான்.

வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிந்தால், அதே சிவப்பில் கலர் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒருமுறை ஓட்டுங்கள். இலைக்குப் பச்சையடிக்கும்போது அருகில் ஈரச் சிவப்பு இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். இலை நுனியைச் சுருட்டிவிடுங்கள், அது பற்றிக்கொண்டு ஏறும் கொடி.

மூலனூர்க்காரி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஹாட் பிரஸ் தாள் வாங்கி, வட்டமாக வண்ணமிட்டு, பிரித்து ஒட்டி ஓர் அட்டையை முடித்தேன். வண்ணமிட்ட தாள் வெட்டும் முன்பே சற்று வளைந்தது; பின்புறம் வெறும் தண்ணீர் தடவி, காய்ந்ததும் இரவு முழுவதும் அகராதியின் அடியில் வைத்தபின் நிமிர்ந்துவிட்டது. அக்காவிடம் படத்தைக் காட்டியபோது, "வேலியோரம் பறிச்சதா?" என்று கேட்டார்.

இப்போது புதிய கவலை. சமையலறைத் தராசில் உறையுடன் 23 கிராம் காட்டுகிறது. கடிதத்துக்கு 20 கிராமைத் தாண்டினால் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும். அட்டை 300 ஜி.எஸ்.எம்., ஏ5 அளவை மடித்தது; அதன்மேல் 200 ஜி.எஸ்.எம்.மில் முகப்புத் தாள் ஒன்றும் இருக்கிறது.

பஞ்சிங்_பழையவர்:

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 210-க்கு 148 மி.மீ. தாள் 300 ஜி.எஸ்.எம்.மில் 9.3 கிராம் வரும், 220 ஜி.எஸ்.எம்.மில் 6.8 கிராம். முகப்புத் தாள் ஏறத்தாழ 3 கிராம். அட்டையை மாற்றி முகப்புத் தாளையும் எடுத்துவிட்டால் 5 கிராமுக்கு மேல் குறைந்து, 18-க்குள் அடங்கிவிடும். 220 தாளே இந்தப் பூவைத் தாங்கும்.

இன்னொன்று. உறையில் தபால்தலை வலது மேல் மூலையில் வரும், முத்திரைக் குத்தும் அங்கேதான் விழும். பூவை அட்டையின் இடது கீழ்ப்பகுதிக்குக் கொண்டுவந்து, முகப்பு முகவரிப் பக்கம் பார்க்கும்படி உறையில் போடுங்கள். எழும்பி நிற்கும் இதழ் நசுங்காது.

மூலனூர்க்காரி:

அப்படியே செய்கிறேன் ஐயா. வாழ்த்து வரியை வலப்பக்கம் மாற்றி எழுதிவிட்டேன். மழை விடாததால் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை. ஐந்து அட்டைக்கான வட்டங்களை மதியமே வண்ணமிட்டு வைத்தேன். இப்போது இரவு எட்டு மணி, புறங்கைக்கு இன்னும் சில்லென்றுதான் இருக்கின்றன.