ஸ்பானில் 16.0, சாம்பிளில் 15.2: ஒரே சிலிண்டர்தான், ஏன் இந்த வித்தியாசம்?

கேள்வி:
0–20% ரேஞ்சில் ஓடும் அகச்சிவப்பு கார்பன் டை ஆக்சைடு அனலைசர். முன்பலகையில் ஸ்டாண்ட்பை, ஜீரோ, ஸ்பான், சாம்பிள் என நான்கு நிலை மோடு குமிழ். பூட்டு வைத்த ஜீரோ, ஸ்பான் குமிழ்கள். தனி பம்ப் சுவிட்ச், ஃப்ளோ மீட்டர். ஒரு மணி நேரம் சூடேறவிட்டு நைட்ரஜனில் ஜீரோவும், 16% கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ஸ்பானும் (தெரிந்த அளவுக்கு ரீடிங்கைப் பொருத்துவது) வைத்தாயிற்று. அதே சிலிண்டரை சாம்பிள் வாயிலில் டீ (T வடிவ இணைப்புக் குழாய்) போட்டு, மிச்சம் வெளியேறும்படி கொடுத்தால் 15.2 தான் வருகிறது. சாம்பிள் மோடிலேயே ஸ்பான் குமிழைத் திருப்பி 16 ஆக்கிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். கோளாறு அப்படியே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாமல் போகும்.

இந்தக் கருவி எண்ணுவது செல்லுக்குள் (வாயுவை அளக்கும் அறைக்குள்) இருக்கும் மூலக்கூறுகளை. அழுத்தம் 5% குறைந்தால் ரீடிங்கும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். 16-இல் 5% என்றால் 0.8, உங்கள் வித்தியாசமும் அதுதான். ஸ்பான் மோடில் சிலிண்டர் வாயுவைத் தள்ளுகிறது. சாம்பிள் மோடில், பம்ப் செல்லுக்குப் பின்னால் இருந்தால், உறிஞ்சுகிறது. ஃபில்டர் அடைத்திருந்தால் செல்லில் அழுத்தம் இறங்கிவிடும். இன்னொரு சந்தேகம், வாயிலுக்கும் பம்புக்கும் நடுவே கசிவு. அறைக்காற்று 5% கலந்தாலும் இதே 15.2 தான் வரும்.

எது என்று பிரிக்க, சாம்பிள் மோடில் வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்ப் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு டிஸ்ப்ளேயைப் பாருங்கள். சில நொடிகளில் 16-ஐ நோக்கி ஏறினால் அழுத்தம்தான். 15.2-லேயே நின்றால் செல்லில் இருப்பது கலப்பட வாயு, அதாவது கசிவு. அப்புறம் பம்பைப் போட்டு சாம்பிள் வாயிலுக்கு வரும் குழாயைக் கிள்ளிப் பிடியுங்கள். ஃப்ளோ மீட்டர் குண்டு அடிக்கு இறங்காவிட்டால் கசிவு உறுதி. கிள்ளியபடி அதிக நேரம் வைக்க வேண்டாம், பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு) கெடும்.

கேட்டவர்:
பம்பை அணைத்ததும் ஏறியது. ஃபில்டர் மாற்றினேன், இப்போது 15.8. மீதி 0.2?

பதில் 2:
ஸ்பான் வைத்தபோது ஃப்ளோ எவ்வளவு?

கேட்டவர்:
நிமிடத்துக்கு 2 லிட்டர். சாம்பிளில் 1 லிட்டர்.

பதில் 2:
அங்கேதான் இருக்கிறது மீதி. 2 லிட்டர் ஓடினால் வெளியேறும் குழாயின் எதிர்ப்பால் செல்லில் அழுத்தம் கூடும், ஸ்பான் குமிழும் அதற்கேற்ப உட்கார்ந்துவிடும். ரெகுலேட்டரைக் குறைத்து ஸ்பானிலும் 1 லிட்டர் வையுங்கள். முதலில் ஜீரோ, பிறகு ஸ்பான், மறுபடி ஜீரோவைச் சரிபாருங்கள். பூட்டு நெம்பைச் சாய்க்கும்போது குமிழ் இம்மி நகரும். டிஸ்ப்ளேயைப் பார்த்தபடியே பூட்டுங்கள்.

உண்மையான சாம்பிள் ஈரமாக இருந்தால் ரீடிங் மறுபடி இறங்கும். 25 டிகிரியில் நீராவி நிறைந்த வாயுவில் 3% நீராவிதான், 16 என்பது 15.5 ஆகிவிடும். 4 டிகிரி குளிர்விப்பானைத் தாண்டி வந்தால் நீராவி 0.8% ஆகக் குறையும். அதற்கும் ஸ்பான் குமிழைத் தொட வேண்டியதில்லை.