கச்சேரிப் பதிவில் மீட்டர் -12ஐத் தாண்டக் கூடாதாம், யார் போட்ட சட்டம்?

ஒலிப்பித்தன்:
ஒரு வாட்ஸப் குழுவில் நமக்கெல்லாம் தெரிந்த ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கச்சேரி பதிவு செய்யும்போது ரெக்கார்டர் மீட்டர் -12 டிபியைத் (0தான் உச்சம்) தாண்டினால் அவனுக்குப் பதிவு செய்யவே தெரியாது என்கிறார். நான் தொடக்கத்தில் வரும் வர்ணத்திலேயே -6 வரை விடுவேன், மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் -3 வரைக்கும் போகும், ஒரு பதிவும் கெட்டதில்லை. கீழ்ஸ்தாயி ஆலாபனையும் தம்புராவும் தெளிவாக விழ வேண்டுமென்றால் லெவல் வேண்டும். -12இல் பதுங்கிவிட்டு வீட்டுக்குப் போய் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும்.

கும்பகோணம் கேசட்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். எந்த இரைச்சல் ஏறும் என்று சொல்லுங்கள். 24 பிட் பதிவில் (ஒலியை 24 இலக்க இரும எண்களாக எழுதுவது) ஒரு பிட்டுக்கு 6 டிபி. -12இல் நிறுத்தினால் போவது இரண்டே பிட், மிச்சம் 22. கையில் பிடிக்கிற 24 பிட் ரெக்கார்டர்களில் பெரும்பாலும் 20 பிட்டுக்கு மேல் உருப்படியாக எதுவும் வருவதில்லை, ஆக நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. சபாவில் ஏசியும் மின்விசிறியும் ஓடினாலே 35, 40 டிபி சத்தம் இருக்கும், உங்கள் பதிவில் கேட்கிற இரைச்சல் அதுதான், லெவலை ஏற்றினால் அதுவும் கூடவே ஏறும். கேசட்டில் டேப்பின் இரைச்சலான ஹிஸ்ஸை அமுக்குவதற்காக மேலே ஏற்றினோம், டேப்பும் கொஞ்சம் மீறினால் பொறுத்துக்கொண்டது. 24 பிட் டிஜிட்டலில் 0க்கு மேலே எண்ணே கிடையாது, தாண்டினால் அலை வெட்டுப்பட்டு உடையும். -12 என்றால் -12.

பின்வரிசை:
-12 வைத்தும் என் பதிவு உடைந்ததே, அதற்கு என்ன பதில்? போன மார்கழியில் ஒரு சபாவின் மிக்சரிலிருந்து லைன் எடுத்தேன். மீட்டர் -12ஐத் தொட்டது, தாண்டவே இல்லை. ஆனால் மிருதங்கத்தில் ஒவ்வொரு சாப்பும் கரகர. வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பார்த்தால் சரியாக -12இல் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது.

ஒலிப்பித்தன்:
கேட்டீர்களா? -12 காப்பாற்றுகிற லட்சணம் இதுதான்.

கும்பகோணம் கேசட்:
அவசரப்படாதீர்கள். மிக்சர் தருவது +4 டிபியு லைன், மைக்கைவிடப் பல மடங்கு பலமான சிக்னல், அதைக் கொண்டுபோய் மைக் இன்புட்டில் சொருகினால் மைக் சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்பிலேயே வெட்டுப்பட்டுவிடும், அதற்குப் பின்னால் ரெக்கார்டர் லெவலை எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்ட அலை சின்னதாகுமே தவிரச் சரியாகாது, மீட்டரும் நல்லபிள்ளையாக -12 என்றுதான் காட்டும். தனி ப்ரீஆம்ப் வைத்திருப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: ப்ரீஆம்பை முழுக்கத் திருகிவிட்டு ரெக்கார்டர் குமிழை 1இலோ 2இலோ வைத்துக்கொண்டு, மீட்டர் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகப் பாட்டுக் கேட்கிறார்கள். பல சின்ன ரெக்கார்டர்களில் அந்தக் குமிழுக்கு முன்னால் இருக்கும் சர்க்யூட் முதலில் நிரம்பிவிடும். ரெக்கார்டரை லைன் இன்னில் போட்டு, குமிழை நடுவாக்கில் நிறுத்திவிட்டு, வேண்டிய கெய்னை (பெருக்கத்தை) ப்ரீஆம்பில் எடுங்கள். உச்சம் அப்போதும் -12தான்.

நாகஸ்வர நேசன்:
எதற்கு இந்தச் சண்டை? 0ஐத் தாண்டினாலும் வெட்டாமல் எழுதும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்குங்கள். அப்படிப்பட்ட ஜூம் எஃப்6 2019இலேயே வந்துவிட்டது. அதே ஜூமின் எஃப்3இல் கெய்ன் குமிழே கிடையாது. கோவில் புறப்பாட்டில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிறவனுக்கு உங்கள் -12, -3 எல்லாம் வேலைக்கே ஆகாது.

கும்பகோணம் கேசட்:
காசிருப்பவருக்கு எல்லாம் சுலபம். ஃப்ளோட் காப்பாற்றுவது ரெக்கார்டருக்குள் வந்து சேர்ந்த சிக்னலைத்தான். தவில் ஓரடியில் அடிக்கும்போது மைக்கே தன் எல்லையைத் தாண்டிவிட்டால் எஃப்6 என்ன செய்யும்?

நாகஸ்வர நேசன்:
தவில் முன்னால் ஓரடியில் மைக் வைக்கிறவனுக்கு யார் என்ன சொல்லியும் பயனில்லை. நான் நிற்பது பத்தடி தள்ளி. கோவிலில் ஒருநாளாவது எடுத்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஒலிப்பித்தன்:
விஷயத்துக்கு வாருங்கள். போன வருஷம் நீங்கள் பகிர்ந்த வீணைக் கச்சேரியை ஹெட்போனை முழுக்க ஏற்றித்தான் கேட்க முடிந்தது, கமகமெல்லாம் எங்கேயோ அடுத்த தெருவில் கேட்டது. காரணம் கேட்டால் -12 என்றீர்கள்.

கும்பகோணம் கேசட்:
அது மூலக்கோப்பு, மூலக்கோப்பு என்று எழுதியும் இருந்தேன். அதை ஏற்றிக் கேட்பது ஒரு நிமிஷ வேலை. நீங்கள் அந்தக் கோப்பை நன்றாகவே ஏற்றினீர்கள், என் பெயரைப் போடாமல் யூட்யூபில். அப்போது மட்டும் லெவல் போதுமானதாக இருந்ததா?

பின்வரிசை:
ரெண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தனி முடிகிற இடத்தில் மைக்குக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டினால் அது மிருதங்கத்தைவிட மேலே போகும். -3 வைத்தால் கடைசிக் கோர்வையின் கடைசி அடி அங்கேதான் நாசமாகும்.

ஒலிப்பித்தன்:
அதற்குத்தான் உச்சத்தைத் தானே அமுக்கும் லிமிட்டர் இருக்கிறது.

கும்பகோணம் கேசட்:
மலிவு ரெக்கார்டர்கள் பலவற்றில் லிமிட்டர் உட்கார்ந்திருப்பது ஒலியை எண்ணாக்கும் ஏடிசிக்குப் பின்னால். வெட்டுப்பட்டு முடிந்ததை அது என்ன பிடிக்கப் போகிறது? லிமிட்டர் வேண்டாம், ஜூம் எச்6இல் பேக்கப் பதிவு இருக்கிறது, அதே கச்சேரியைக் குறைந்த லெவலில் இன்னொரு கோப்பாகவும் எழுதும். எவ்வளவு குறைத்து என்று பாருங்கள்: 12 டிபி. தயாரித்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஒலிப்பித்தன்:
முதல் கோப்பு மேலே போய் நிற்கும் என்பதால்தானே இரண்டாவதைக் குறைத்து எழுதுகிறான்? எல்லோரும் -12இல் வைப்பார்கள் என்றால் அந்த வசதியே எதற்கு? நீங்கள் காட்டியது என் -3க்கு ஆதாரம்.

கும்பகோணம் கேசட்:
-3க்கு ஆதாரமில்லை, -3 வைப்பவர்களை நம்ப முடியாது என்பதற்கு ஆதாரம். வர்ணத்தில் லெவல் பார்த்து வைத்தவர் தனி வரும்போது 6, 8 டிபி கூடும் என்பதை மறக்கிறார், சபாவின் சவுண்ட்காரர் இடையில் ஃபேடரை ஏற்றினால் அதற்குமேல் வேறு போகும். கச்சேரி நடுவில் குமிழைத் தொட்டால் பதிவில் சத்தம் ஏறி இறங்குவது கடைசிவரை கேட்கும். முதலிலேயே இடம் விட்டு வைக்க வேண்டும். -12.

பின்வரிசை:
மிக்சர் லைனுக்கு நடுவில் சிக்னலைக் குறைக்கும் அட்டனுவேட்டர் போட்டால் 20 டிபி போதுமா, 40 வேண்டுமா? இதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

நாகஸ்வர நேசன்:
எஃப்3 வாங்குங்கள், அது லைனையும் நேராக எடுத்துக்கொள்ளும்.

ஒலிப்பித்தன்:
யூட்யூபில் உங்கள் பெயர் விளக்கக் குறிப்பில் இருந்தது, கடைசி வரியில். பார்க்காமல் பழி போடாதீர்கள்.

கும்பகோணம் கேசட்:
நான் கேட்ட பிறகு சேர்த்தது அது. முதல் வாரம் இருந்ததா? அதைச் சொல்லுங்கள், -3ஐ அப்புறம் பார்க்கலாம்.