மூச்சடக்கிய கதை எழுத்தறிவுக் கதையாகுமா?

ஏட்டுச்சுவடி:
நீருக்குள் 17 நிமிடம் 4 விநாடி மூச்சடக்கியிருந்ததைப் பற்றி மந்திரவித்தைக் கலைஞர் டேவிட் பிளெய்ன் 2009 அக்டோபரில் டெட்மெட் என்ற மருத்துவ மாநாட்டு மேடையில் ஆற்றிய உரையை, மனவுறுதிக்குச் சான்றாகவே பலரும் பகிர்ந்து வருகிறார்கள். அதை எழுத்தறிவுக் கதையாக வாசிப்பதே பொருத்தம் என்பது என் வாதம். ஒருவர் எழுதப் படிக்கவோ, ஒரு துறையின் மொழியைக் கையாளவோ கற்றதையும், அக்கல்வி தம்மை எவராக மாற்றியது என்பதையும் தாமே சொல்வதுதான் எழுத்தறிவுக் கதை. பிளெய்ன் சிறுவயதில், கட்டுகளிலிருந்து தப்பும் வித்தைகளுக்குப் பெயர்பெற்ற ஹூடினியின் மீது மோகம் கொள்கிறார், குறுக்குவழியாகக் குழாய்களையும் கருவிகளையும் நம்பி ஏமாறுகிறார், முத்துக்குளிப்போரைப் பற்றித் தேடப்போய் மூச்சடக்கி மூழ்குவோரின் உலகத்தைக் கண்டடைகிறார். 2006இல் நியூயார்க் லிங்கன் மையத்தில் ஊரறிய 7 நிமிடம் 8 விநாடியில் தோற்றவர், 2008 ஏப்ரல் 30 அன்று ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெல்கிறார். சாதனை அதில் ஒரு நிகழ்வு மட்டுமே. உரையின் பெரும்பகுதி கற்ற விதத்தைப் பற்றியது.

கரிசல்வாசகி:
ஏட்டுச்சுவடி அவர்களே, கற்றல் இருக்கும் இடமெல்லாம் எழுத்தறிவு என்றால் சமையற்காரரின் கதையும் ஓட்டுநரின் கதையும் அதே வகையில்தான் சேரும். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றை நினைத்துப் பாருங்கள். பால்டிமோரில் எசமானி சோஃபியா ஆல்ட் அவருக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கியதும், படித்த அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்று அஞ்சிய அவருடைய கணவர் அதைத் தடுத்தார். டக்ளஸ் தெருவில் விளையாடிய வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கற்றார். அங்கே எழுத்தை மறுப்பவர் ஒருவர் இருக்கிறார், கற்பவருக்கு விடுதலை என்ற பயன் இருக்கிறது. பிளெய்னுக்கு மூச்சடக்கும் கலையை யார் மறுத்தார்கள்? முகம் நீரில் மூழ்கியதும் இதயத் துடிப்பு குறைவது பாலூட்டிகளுக்குப் பிறப்பிலேயே அமைந்த எதிர்வினை; அதை எவரும் கற்பதில்லை. மேலும், அவர் முன்னதாகத் தூய ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டே மூழ்கினார். ஆக்சிஜனின் துணையின்றி 2009இல் மூச்சடக்கி மூழ்கும் வீரர் ஸ்டெஃபான் மிஃப்சுட் நிறுவிய சாதனை 11 நிமிடம் 35 விநாடி.

நீர்க்காகம்:
மூச்சடக்கி மூழ்குவதைப் பயில்பவன் என்ற முறையில் இடையில் நுழைகிறேன். அந்த எதிர்வினை பிறப்பில் வருவது என்பது சரிதான், அம்மா. ஆனால் உடல் அனுப்பும் செய்திகளுக்குப் பொருள் காண்பது பிறப்பில் வருவதில்லை. மூச்சு வாங்கவேண்டும் என்ற தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் எழுவதன்று, கரியமில வாயு கூடுவதால் எழுவது. நுரையீரலுக்குக் கீழே உள்ள மூச்சுத்தசையான உதரவிதானம் முதன்முறை துடிக்கும்போது புதியவர் அதைச் சாவின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறார். பழகியவரோ இன்னும் நேரம் இருக்கிறது என்று அறிகிறார். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கையே வராமல் நினைவு தப்பிவிடும். (துணைக்கு ஆளின்றிக் குளத்தில் இதை முயன்று பார்ப்பவர்கள் இறந்துபோவது இதனால்தான்.) ஆக, இங்கே பிழையாக வாசிப்பதற்குத் தண்டனை உண்டு.

பிளெய்னின் உரையில் என்னை நிறுத்திய இடம் வேறு. வழக்கமாக நிமிடத்திற்கு 38 துடிப்பில் தொடங்கி 12 வரை இறங்கும் தம் இதயம், ஓப்ராவின் அரங்கில் 120இல் தொடங்கி இறங்கவே இல்லை என்கிறார். துடிப்பை ஒலியாக்கும் கருவி அவர் காதுக்கு அருகிலேயே இருந்ததுதான் பதற்றத்தை வளர்த்தது. உள்ளிருந்து உடலை வாசிக்கக் கற்றவருக்கு, வெளியே பதிவான அதே உடல் இடையூறாகிவிட்டது. கற்ற ஒரு வாசிப்புமுறையும் கருவியின் வாசிப்புமுறையும் மோதும் இந்த இடத்தை மனவுறுதி என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு விருப்பமில்லை.

ஏட்டுச்சுவடி:
மறுப்பவர் இல்லையே என்று கேட்டீர்கள். எழுத்தறிவுக்குப் புரவலர்கள் உண்டு என்று 1998இல் எழுதிய எழுத்தறிவு ஆய்வாளர் டெபோரா பிராண்ட், தடுப்பவரோடு கற்பிப்பவரையும் ஆதரவு தருபவரையும் அந்தப் பெயரிலேயே சேர்த்தார். அவர்கள் எல்லோரும் அதனால் ஆதாயம் அடைகிறார்கள் என்பது அவர் கருத்து. பயிற்சியாளரும் மருத்துவர்களும் தொலைக்காட்சியும் அந்த இலக்கணத்தில் அடங்குவார்கள்.

கரிசல்வாசகி:
பிராண்டை நீங்கள் அழைத்தது எனக்கே உதவுகிறது. அப்படியானால் அந்தக் கருவியைக் காதருகே வைத்த தொலைக்காட்சியின் ஆதாயத்தைப் பற்றி உரை ஏதேனும் பேசுகிறதா? அதை அவர் தொழில்நுட்ப இடைஞ்சலாகவே சொல்லிப் போகிறார். டக்ளஸ் தம் எசமானரின் அச்சத்தைப் பிரித்துக் காட்டியதுபோல இவர் தம் புரவலரை ஆராயவில்லை.

ஹூடினியையே எடுத்துக்கொள்ளலாம். 1926 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஒரு விடுதிக் குளத்தில், மூடிய பெட்டிக்குள் 91 நிமிடம் இருந்த அவர், தம் மூச்சும் உடலும் எப்படி இருந்தன என்பதை அமெரிக்கச் சுரங்கத் துறையின் உடலியலாளர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். சிக்கிக்கொண்ட சுரங்கத் தொழிலாளிக்குப் பயன்படக்கூடிய எழுத்து அது. அதை எழுத்தறிவின் செயல் என்று தயங்காமல் ஏற்பேன்.

நீர்க்காகம்:
அந்தக் கடிதத்தை ஏற்றால் உரையின் பாதியையாவது ஏற்க வேண்டியிருக்கும். தம் துடிப்பின் எண்களை மருத்துவர்கள் நிறைந்த அவைக்கு, அவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவில்தான் பிளெய்னும் எடுத்துவைக்கிறார்.

கரிசல்வாசகி:
பாதியை ஏற்கிறேன், எண்களைச் சொல்லும் பாதியை. புரவலரை விட்டுவிட்ட மறுபாதிக்கு ஏட்டுச்சுவடி அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.