மனைவியின் பக்கத்திலிருந்து எழுதிய கதைகள் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் மணவாழ்வுத் துரோகம் பற்றிய சிறுகதைகளை நான் பேச வேண்டும். தயாரிப்பில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’ (1899) படர்க்கையில் சொல்லப்பட்டாலும், கதை, மனைவிக்குத் துரோகம் செய்யும் நாயகன் குரோவின் மனதை விட்டு அசைவதே இல்லை. அவன் மனைவி அறிவு குறைந்தவள், நளினமற்றவள் என்பதெல்லாம் அவன் எண்ணம்தான். முதல் வாசிப்பில் அதை உண்மை என்றே நம்பினேன். இந்த முறை அந்தப் பெண்ணை நினைத்து மனம் கனத்தது. மகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகும்போது பனி ஏன் பெய்கிறது என்று விளக்கிக்கொண்டே, காதலியைப் பார்க்கப் போவதை அவன் நினைத்துக்கொள்கிறானே, அதை அந்தச் சிறுமி சொன்னால் எப்படி இருக்கும்?

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபனின் ‘புயல்’ நேர்மாறு. ஐந்து சிறு பகுதிகளில் கணவன், மனைவி, காதலன், காதலனின் மனைவி என எல்லோரிடமும் போகிறது, யாரையும் தண்டிப்பதில்லை. 1898-இல் எழுதியது, அச்சேறியது 1969-இல்தான்.

எனக்கு வேண்டியது மூன்றாவது வகை: ஏமாற்றப்பட்டவரோ வீட்டுக் குழந்தையோ ‘நான்’ என்று சொல்லும் கதை. தமிழில் இருந்தால் மிக நல்லது, மொழிபெயர்ப்பும் சரி. குறிப்பாக, சொல்பவருக்குப் புரியாத ஒன்று வாசகருக்குப் புரிந்துவிடும் கதைகள். தலைப்பு, தொகுப்பின் பெயர் இரண்டையும் சொன்னால் நூலகத்தில் தேடி எடுத்துவிடுவேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் பேருதவி.